செஷனுக்கு ஒரு ஷேப்பர் போட்டா போதுமா?

பிராட்பேண்ட் நிறுவனங்கள்ல பிஎன்ஜி-ன்னு ஒரு பெரிய ரவுட்டர் இருக்கும். உங்க வீட்டு ரவுட்டர் பிபிபிஓஇ வழியா லாகின் ஆகறது அதுலதான். ஒரு லாகின், ஒரு செஷன். செஷனுக்கு ஒரு ஷேப்பர். 100 எம்பிபிஎஸ் பிளான்னா, அதைவிட வேகமா வர்ற பாக்கெட்டுகளை வரிசையில நிறுத்தி அளந்து அனுப்பும். பக்கத்து வீட்டுல டோரன்ட் ஓடினா உங்க வேகம் குறையக்கூடாது என்பதுதான் நோக்கம். நியாயமான நோக்கம்.

ஆனா இந்த நியாயம் உங்க வாசலோட நின்னுடுது. செஷனுக்குள்ள பெரும்பாலும் ஒரே வரிசைதான், முதல்ல வந்தது முதல்ல போகும். பையன் கேம் அப்டேட் இறக்கறான், அம்மா வீடியோ கால்ல இருக்காங்க. ரெண்டு பேர் பாக்கெட்டும் அதே வரிசையில. டிசிபி, பாக்கெட் தொலையற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போகும், அதனால வரிசை நிரம்பியே இருக்கும். ஒரு கணக்கு போடுங்க: வரிசையோட அளவு 1 எம்பி, அதாவது 80 லட்சம் பிட். 100 எம்பிபிஎஸ்ல அது காலியாக 80 மில்லிசெகண்ட் ஆகும். அதே வரிசையை 10 எம்பிபிஎஸ் பிளானுக்கு வச்சா 800 மில்லிசெகண்ட். பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150-க்குள்ள இருக்கறது நல்லதுன்னு ஐடியு-வோட ஜி.114 பரிந்துரை சொல்லுது. ஸ்பீட் டெஸ்ட்ல முழு 10 காட்டும், கால் மட்டும் திக்கும்.

“எங்க பெட்டியில செஷனுக்கு 4, 8 வரிசை கூட வைக்கலாமே” என்பாங்க. வைக்கலாம். ஆனா எந்த பாக்கெட் எதுல போகணும்? இன்டர்நெட்ல இருந்து வர்ற டிஎஸ்சிபி குறியீட்டை யாரும் நம்பறதில்லை, அழிச்சிடறாங்க. கடைசியில முன்வரிசை கிடைக்கறது நிறுவனத்தோட சொந்த போனுக்கும் டிவிக்கும்தான். அம்மாவோட வீடியோ கால் பழைய வரிசையிலயே.

இதுக்கு மருந்து இல்லாம இல்லை. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-லயே கோடெல் முறையை வெளியிட்டாங்க. வரிசையோட நீளத்தைப் பார்க்காம, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்ததுன்னு பார்க்கும். இணைப்புகளைத் தனித்தனியா பிரிக்கற எஃப்க்யூ-கோடெல், ஆர்எஃப்சி 8290-ஆ 2018-ல வந்துச்சு. லினக்ஸ்ல அதுக்கு வழக்கமா 1024 வரிசை. 32,000 செஷன் உள்ள பெட்டியில அப்படியே போட்டா 3 கோடியே 27 லட்சத்துக்கு மேல வரிசை வேணும். வரிசைகளோட எண்ணிக்கையை சிலிக்கான்லயே எழுதிவச்ச சிப்புக்கு அது ஆகாது. ஒத்துக்கறேன். ஆனா இது முழு சாக்கு இல்லை. கேபிள் மோடத்துக்கான டாக்சிஸ் 3.1-ல பை என்கிற முறையைக் கட்டாயமாக்கினாங்க. அது ஒரே வரிசையை வச்சே தாமதத்தைக் குறைக்குது.

இன்னொரு குறை: பிஎன்ஜி-க்குக் கீழே நடக்கறது அந்த ஷேப்பருக்குத் தெரியாது. ஜிபான் ஃபைபர்ல 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 வீடு, சில இடத்துல 64 வீடு பங்கு போடுது. அங்க நெரிசல் வந்தா வரிசை ஓஎல்டி-யில உருவாகும். மேல போட்ட ஷேப்பர் வேடிக்கைதான் பார்க்கும். அப்லோட் பக்கமோ இன்னும் மோசம், அங்க தேங்கறது உங்க வீட்டுப் பெட்டியிலேயே.

அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க ஓபன்டபிள்யுஆர்டி ரவுட்டர்ல கேக் போட்டு, வேகத்தை பிளான்ல 90 சதவீதத்துக்குத் தாங்களே குறைச்சு வச்சுக்கறாங்க. அப்பதான் வரிசை அவங்க கைக்கு வரும். 100-க்குக் காசு கட்டி, கால் திக்காம இருக்க அதுல 10-ஐத் தூக்கிப் போடறாங்க.