சித்திரத்தில் இடம் பெறாத ஊர்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்காக்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காட்சிப் படங்களுள் தலையாயது ஸ்டோ பூங்காத் தொகுதி. கோபாம் பிரபுவுக்காக அப்பூங்காவை வகுத்த சார்லஸ் பிரிட்ஜ்மன் 1738இல் மறைய, அடுத்த ஆண்டு அவர்தம் மனைவி சாரா அதனை வெளியிட்டார். வரைந்தவர் ழாக் ரிகோ என்னும் பிரெஞ்சுக் கலைஞர். நீண்ட நடைபாதையின் தொலைவையும், நீர்நிலையின் ஒளியையும் வெறுங் கோடுகளாலேயே உணர்த்தும் அவர்தம் திறம் வியக்கத்தக்கது.

ஆயினும், அம்மண்ணில் முன்பு வாழ்ந்தோர் எங்கே என்னும் வினா எழாமலில்லை. ஸ்டோவின் சிற்றூர் பூங்கா விரிய விரிய மறைந்தது. பழைய தேவாலயம் மட்டும் மரங்களிடையே எஞ்சியது. நியூனம் கோர்ட்னியில் ஹார்கோர்ட் பிரபு 1760களில் கிராமத்தையே பெயர்த்து நெடுஞ்சாலை ஓரத்தில் குடியமர்த்தினார். அங்கே புதிய வீடுகள் கட்டித் தந்தார் என்பதும் மெய்யே. குடிசையைப் பிரிய மனமில்லாத மூதாட்டி ஒருவர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்க இசைவு பெற்றார். பால் சாண்ட்பி வரைந்து, வில்லியம் வாட்ஸ் 1777இல் செதுக்கிய அவ்விடத்து மலர்த்தோட்டப் படத்தில் பாத்திகள் உண்டு. பெயர்க்கப்பட்ட ஊரின் சுவடு இல்லை.

பிரிட்ஜ்மன் வேலிக்கு மாற்றாக நீரற்ற அகழி வெட்டினார். மாளிகையிலிருந்து நோக்குவோருக்கு எல்லை புலப்படாது. நிலமெல்லாம் ஒன்றெனத் தோன்றும். இப்படங்களும் அவ்வாறே இழப்பை மறைத்து அழகை நீட்டுகின்றன. கலைஞரைப் பொய்யர் எனல் தகாது. பிரபுக்கள் காட்ட விரும்பியதையே அவர்கள் வரைந்தனர். அவர்தம் கைத்திறனைப் போற்றுவோம். அகற்றப்பட்ட குடிகளையும் நினைவிற்கொண்டு போற்றுவதே நேர்மையான சுவைப்பாகும்.