சத்தியமங்கலம் மலையும் டெல்லி ஆணையமும்

மாதேஸ்வரன் மலையில் இருந்த அதிரடிப்படை முகாமின் சித்திரவதை அறைக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைத் தேடிய தமிழ்நாடு, கர்நாடகக் கூட்டுப் படை, சோளகர் உள்ளிட்ட மலைமக்களைப் பிடித்துக்கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சியது, பெண்களைச் சீரழித்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சாட்சியம் சொன்னார்கள். அதைப் பதிவுசெய்தது, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழு.

இதை நான் சிறிதாக மதிக்கவில்லை. காவல் நிலையப் படியேறவே அஞ்சியவர்களின் சொல், அரசாங்கம் மறுக்க முடியாத ஆவணமாயிற்று. ஆனால் அந்த ஆவணம் என்ன செய்தது?

குழுவின் அறிக்கை 2003இலேயே ஆணையத்தின் கைக்குப் போய்விட்டது. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் தமிழ்நாட்டு அதிரடிப்படையினருக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, பதவி உயர்வு என்று அரசு அறிவித்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்கும்படி ஆணையம் சொன்னது 2007 ஜனவரியில். தலைக்குச் சுமார் 3 லட்சம்தான், அதுவும் ‘இடைக்கால’ நிவாரணம். அறிக்கையை வைத்து அதிரடிப்படையினர் எவரும் தண்டிக்கப்படவில்லை. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் இந்தத் துயரைத் தமிழ் வாசகரிடம் சேர்த்த அளவுக்குக்கூட அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை.

ஆணையத்துக்குப் பரிந்துரைக்கத்தான் அதிகாரம் என்பார்கள். அது பாதி உண்மை. 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் நாடி உத்தரவு பெற ஆணையத்துக்கு வழி தருகிறது. அந்தப் பிரிவின்படியான பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது.

தருமபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியைப் பாருங்கள். 1992இல் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமையை அங்கேயும் ஓர் ஆணையம்தான், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையம், நேரில் போய் விசாரித்தது. ஆனால் மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. வழக்கு நீதிமன்றம் போனது, சிபிஐ வந்தது. 2011இல், உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தாமதம் கொடிதுதான், ஆனாலும் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் வரை போகாத ஆணைய அறிக்கையால் பழங்குடிக்குக் காவல் இல்லை என்பதே என் முடிவு.

இன்னொரு தடையும் உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது என்கிறது அதே 1993 சட்டத்தின் 36ஆம் பிரிவு. முகாமிலிருந்து மீண்டவர் நடக்கத் தேறவே அந்த ஓராண்டு போய்விடும். பழங்குடியினர் வழக்கில் அந்தக் கெடு நீங்க வேண்டும், அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். இந்த மலைப்பகுதியிலுள்ள தாளவாடி நீலகிரி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, பர்கூர் மலை திருப்பூர்த் தொகுதியில். அங்கே வாக்களிக்கும் நீங்கள், அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.