வேகமும் ஆயுளும்: எஞ்சின் மாற்றக் கலையின் சம்பிரதாயங்கள்

குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வருவதற்கென்று தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட கார் எஞ்சினைப் பிரித்து, அதை வடிவமைத்தவர்களே எதிர்பாராத சக்தியை அதிலிருந்து பெறும் வித்தைக்கு இன்று தேசந்தோறும் சம்பிரதாயங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபட்டாலும், சக்தியைக் கூட்டுவதைவிடக் கூட்டிய சக்தியை நிலைநிறுத்துவதே கடினம் என்னும் உண்மையை, உடைந்த பிஸ்டன்களையும் உருகிய பேரிங்குகளையும் விலையாகக் கொடுத்தே அவை யாவும் கற்றுக்கொண்டன.

எண்ணெய் மாற்ற மறக்கும் உரிமையாளரையும், மட்டமான பெட்ரோலையும், கோடையில் மலையேற்றத்தையும் மனத்தில் வைத்தே எந்தத் தொழிற்சாலையும் எஞ்சினைச் செய்வதால், வெளியே சொல்லும் திறனுக்கு மேலும் தாங்கும் வலு அதனுள் சேமிப்பாகக் கிடக்கிறது. முன்னோர் வைத்துப்போன சொத்தை அனுபவிக்கும் வாரிசைப் போல, மாற்றியமைப்பவர் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் செலவழிப்பவருக்கு அது நெடுநாள் வரும், பாராதவருக்கு ஒரு மாலைப் பொழுதுக்குள் தீரும். சுழற்சியைக் கூட்டுவது, கொள்ளளவைப் பெருக்குவது, ஒவ்வொரு மூச்சிலும் அதிகக் காற்றைத் திணிப்பது என்று சக்திக்கு முக்கியமான வழிகள் மூன்று. நிமிஷத்துக்கு 6,000 சுற்றிலிருந்து 9,000 சுற்றுக்குப் போனால் கனெக்டிங் ராடின் மீது விழும் இழுவிசை ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்கு. காற்றைத் திணித்தாலோ அழுத்தத்தோடு வெப்பமும் ஏறுகிறது. எந்த வழியில் சென்றாலும் சுங்கம் உண்டு.

அமெரிக்கச் சம்பிரதாயம் பெரிய கொள்ளளவை நம்பி வளர்ந்தது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட வி-8 எஞ்சின் 65 குதிரைத் திறனே உடையதாயினும், மலிவாகக் கிடைத்தமையால் கலிஃபோர்னிய இளைஞர்களின் கைக்கு உகந்த கருவியாயிற்று. அதன் எரிந்த வாயு வெளியேறும் பாதைகள் பிளாக்கின் ஊடே, குளிர்விக்கும் நீரையே சூடாக்கிக்கொண்டு சென்றமையால், சக்தி கூடக்கூட ரேடியேட்டர் கொதிப்பது அந்த எஞ்சினின் பிறவிக் குணமாக இருந்தது. 1955இல் வந்த ஷெவர்லே சிறிய வி-8இல் அத்தகைய பிறவிக் குறை இல்லாததால், இரண்டே ஆண்டுகளில் அதன் ஒரு வகை, 283 கன அங்குலக் கொள்ளளவில் அதே எண்ணிக்கையான குதிரைத் திறனை விற்பனைக்கே தந்தது. கால் மைல் ஓட்டத்தில் எஞ்சின் சில விநாடிகள் தாங்கினால் போதும். வேகச் சாதனைகளுக்குப் பேர்போன பான்வில் உப்புவெளியிலோ மைல்கணக்கில் ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி ஓட வேண்டியிருப்பதோடு, இரண்டு ஓட்டங்களின் சராசரியே சாதனையாக ஏற்கப்படுவதால், ஒருமுறை மின்னி ஓயும் எஞ்சினுக்கு அங்கே ஏட்டில் இடமில்லை.

ஐரோப்பியர்கள் சிறிய எஞ்சினையும் நெடிய பந்தயத்தையும் தேர்ந்துகொண்டார்கள். பிரிட்டனின் மினி கூப்பர் எஸ் 1963இல் 1,071 சி.சி. கொள்ளளவில் 70 குதிரைத் திறன் தந்தபோது, அதன் கிராங்க் ஷாஃப்டுக்கு நைட்ரஜனால் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே அது மான்டி கார்லோ ராலியை வென்றது. ஜெர்மனியில் ஏ.எம்.ஜி. பட்டறையார் மெர்சிடிஸ் சொகுசுக் காரின் வி-8ஐ 6.8 லிட்டராகப் பெருக்கி, 1971இல் ஸ்பா நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றபோது, ஓர் இரவும் ஒரு பகலும் தாங்கிய சக்தியே சக்தி என்னும் அளவுகோல் பிரசித்தமாயிற்று. 1962இல் பி.எம்.டபிள்யூ. 1500 என்னும் நான்கு கதவுக் காருக்காகப் பிறந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக்கே, பால் ரோஷே என்னும் மேதையின் கையில் காற்றைத் திணிக்கும் டர்போ பெற்று, 1983இல் நெல்சன் பிக்கேயை ஃபார்முலா ஒன் உலக சாம்பியனாக்கியது. 1986இல் தகுதிச் சுற்றுக்கென்று அதன் பூஸ்டை, அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, உயர்த்தியபோது திறன் 1,300 குதிரைத் திறனைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள். அத்தகைய எஞ்சின் சில சுற்றுகளோடு முடிந்துவிடும். பந்தய தினத்திலோ அதே வகை எஞ்சினைப் பல நூறு குதிரைத் திறன் குறைத்தே ஓட்டினார்கள். அந்தப் பல நூறும் ஆயுளுக்குக் கொடுத்த விலை.

ஜப்பானியச் சம்பிரதாயத்துக்கு ஒரு விசித்திரமான சூழல் உதவியது. 280 குதிரைத் திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று அந்நாட்டுக் கார் நிறுவனங்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டை அனுஷ்டித்து வந்த காலத்தில், டொயோட்டா சூப்ராவின் மூன்று லிட்டர் 2ஜே.இஸட். எஞ்சினும், நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் 2.6 லிட்டர் ஆர்.பி.26 எஞ்சினும், ஏழு மெயின் பேரிங்குகளோடும் கனத்த இரும்பு பிளாக்கோடும், வெளியே சொன்னதைவிட மிகுதியாகத் தாங்கும் வலுவுடன் வந்தன. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் பந்தயத்தில் ஓடிய 29 போட்டிகளிலும் ஜி.டி.ஆரே வென்றது. ஆயினும் அதன் ஆர்.பி.26 எஞ்சினிலும் ஓர் அற்பமான பலவீனம் உண்டு. ஆரம்பகால கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய் பம்பைச் சுழற்றும் முகப்பு மிகக் குறுகலாக இருப்பதால், சுழற்சி உச்சத்தைத் தொட்டுத் தொட்டு மீளும் அதிர்ச்சியில் பம்பின் கியர் விண்டுபோகும். எண்ணெய் நின்ற சில கணங்களில் பேரிங் தேய்ந்து, எஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிடும். முகப்பை நீட்டும் ஒரு சிறு வளையத்தைப் பொருத்துவதே பரிகாரம். பெரிய டர்போவுக்குப் பணம் ஒதுக்குமுன் இந்த வளையத்தை நினைப்பவரே அந்தச் சம்பிரதாயத்தில் தேர்ந்தவர்.

நம் நாட்டிலும் இந்த வித்தைக்கு வேர் உண்டு. யுத்தகால விமானத் தளமாயிருந்த சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் நம் மெக்கானிக்குகளுக்குப் பாடசாலையாக விளங்கின. கோவையைச் சேர்ந்த கரிவரதன் என்பவர், மாருதியின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். எஞ்சினை வதைப்பதற்குப் பதில் வண்டியின் பாரத்தைக் குறைத்தும் வேகம் பெறலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இனி, எல்லாச் சம்பிரதாயங்களுக்கும் பொதுவான பிரமாணங்களைக் காண்போம். நல்ல பட்டறையில் பிஸ்டன் ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் சமமாக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார்கள். 86 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டத்துக்குச் சாதாரண எஞ்சினில் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் போதுமென்றால், பலத்த டர்போவுக்கு 0.5 வரை விடுவார்கள். வெப்பத்தால் ரிங் விரியும்போது முனைகள் முட்டிக்கொண்டால், பிஸ்டனின் விளிம்பே பெயர்ந்துவிடும். சிறிது வாயு கசிவதைச் சகித்துக்கொண்டு பிஸ்டனைக் காப்பாற்றும் அந்தக் காகிதக் கனமான வித்தியாசத்தில்தான் விவேகம் இருக்கிறது. இவ்வாறே, தீச்சுடர் எட்டுமுன் தானே வெடிக்கும் எரிபொருளின் நாக்கிங்கைத் தவிர்க்கப் பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளுவதும், வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடாமல் சம்ப் என்னும் எண்ணெய்த் தொட்டியில் தடுப்புகள் வைப்பதும், ஒரு பாகத்தை வலுப்படுத்தியதும் பலவீனம் அடுத்த பாகத்துக்கு நகர்ந்துவிட்டது என்று உணர்ந்து அதைத் தேடுவதும் பொது ஆசாரங்கள்.

ஆகவே, திறன் அளக்கும் டைனோ இயந்திரத்தில் கண்ட உச்ச எண்ணை மட்டும் சொல்லி ஓர் எஞ்சினைப் புகழ்வது பாதிக் கணக்கே. எந்தப் பெட்ரோலில், எவ்வளவு பூஸ்டில், எத்தனை மணி நேரம் ஓடிய பின் பிரித்துப் பார்க்கப்பட்டது, பிரித்தபோது பேரிங்குகள் எந்நிலையில் இருந்தன என்பனவற்றையும் சேர்த்தே பட்டறைக்காரர் சொல்ல வேண்டும், வாங்குபவரும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்குக் கூசாமல் பதில் சொல்லக்கூடியவரின் 400 குதிரைத் திறன், சொல்ல முடியாதவரின் 1,000 குதிரைத் திறனைவிட மேலானது.