பழைய காம்பாக்டா, புதிய மிர்ரர்லெஸ்ஸா? ஒளியியல் தரும் விடை

புதிய காமிரா ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு என்றேனும் வந்ததுண்டா? வந்திருந்தால், கடைக்காரர் உங்களிடம் முதலில் சொன்னது அது எத்தனை மெகாபிக்சல் என்பதாகத்தான் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், வகுப்பறையில் படித்த ஒளியியலைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வது நல்லது.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் இறுதியாண்டு பயிலும் மாணவி ஒருவர், ஒரு பங்குனி மாதத்தில் என்னிடம் வந்தார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கோயில் திருவிழாக்களைப் படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். "சார், ரெண்டு வருஷமா டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இருக்கு. வீட்டுல அப்பா வாங்கின பழைய காமிராவும் இருக்கு. அதையே வெச்சுக்கலாமா, இல்ல புதுசா மிர்ரர்லெஸ் வாங்கலாமா? வாங்கிட்டா எம்.எஸ்ஸி. சேரக் கையில ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதில் ஓர் ஆண்டுப் படிப்பின் கட்டணம் அடங்கியிருந்தது. ஆகவே வாய்க்கு வந்த பதிலைச் சொல்லாமல், இரண்டையும் ஒரே நாளில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மிர்ரர்லெஸ் காமிராவை அவருடைய தோழி இரவலாகத் தந்தார். காலையில் அடையாறு, நண்பகலில் தியாகராய நகர், இரவில் மயிலாப்பூர் என்பது எங்கள் திட்டம்.

இரு கருவிகள்

பழையது, 2007-இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ570 ஐ.எஸ். சாதாரண டார்ச் விளக்கு செல்கள் இரண்டில் இயங்குவது. 71 இலட்சம் படப்புள்ளிகள். புதியது, 2023-இல் வெளிவந்த கேனன் ஈ.ஓ.எஸ். ஆர்50. 2 கோடியே 42 இலட்சம் படப்புள்ளிகள். அதனுடன் சேர்த்தே விற்கப்படும் 18–45 மி.மீ. லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது.

மிர்ரர்லெஸ் என்றால் கண்ணாடி இல்லாதது என்று பொருள். எஸ்.எல்.ஆர். காமிராக்களில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி நின்று, ஒளியைப் பார்வைத் துளைக்குத் திருப்பிவிடும். 2008-இல் வந்த பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1 போன்றவை அந்தக் கண்ணாடியை நீக்கி, மின்னணுத் திரையிலேயே காட்சியைக் காட்டின. வேடிக்கை என்னவென்றால், நம் பழைய காம்பாக்டிலும் கண்ணாடி கிடையாது! உண்மையான வேறுபாடுகள் இரண்டு. மிர்ரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். அதன் சென்சார், அதாவது ஒளியை உணரும் தகடு, மிகப் பெரியது. பழைய காமிராவின் தகடு சுமார் 5.8 மி.மீ. அகலமும் 4.3 மி.மீ. உயரமும் கொண்டது; ஒரு பயறு அளவு என்று சொல்லலாம். புதியதின் தகடு 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு.

அடையாற்றின் காலை வெயில்

அடையாறு கழிமுகத்தில் காலை 8 மணிக்கு வெயில் நன்றாக ஏறிவிட்டது. இரு காமிராக்களிலும் எடுத்த படங்களை அஞ்சலட்டை அளவில், அதாவது 6 அங்குலத்துக்கு 4 அங்குலமாக, அச்சிட்டுக் கலந்து வைத்தேன். எது எதனுடையது என்று மாணவியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

காரணம் எளிது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் இந்த அளவுப் படத்துக்கு 1800 × 1200, அதாவது சுமார் 22 இலட்சம் புள்ளிகளே போதும். 10 அங்குலத்துக்கு 8 அங்குலம் என்று பெரிதாக்கினாலும் 72 இலட்சம்தான் தேவை. அதற்குப் பழைய காமிராவே ஏறக்குறைய ஈடுகொடுக்கும்.

தொலைவில் நின்ற கொக்கைப் படம் எடுத்தபோது இன்னொரு வியப்பு. பழைய காமிராவின் ஜூம், 35 மி.மீ. பிலிம் கணக்கில் 140 மி.மீ. வரை நீளும். புதியதின் லென்ஸ் அதே கணக்கில் 72 மி.மீ.யோடு நின்றுவிடுகிறது. கொக்கு இரண்டிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமானால், புதிய படத்தின் ஓரங்களை வெட்ட வேண்டும். வெட்டியபின் மிஞ்சுவது சுமார் 64 இலட்சம் புள்ளிகள். இரண்டரைக் கோடிக்குச் சற்றுக் குறைந்த எண் எங்கே போயிற்று பார்த்தீர்களா? எனினும் பறவை சட்டென்று பறந்தபோது புதிய கருவி அதைப் பின்தொடர்ந்து குவியம் செய்தது, பழையது தடுமாறியது. இதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

தியாகராய நகரில் கேட்ட பேச்சு

நண்பகலில் பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் விசாரித்தோம். பழைய காம்பாக்ட் காமிராக்களுக்கு இப்போது இளைஞர்களிடையே புது மவுசு. "இது சி.சி.டி. சார், அந்தக் கலர் இன்னைக்கு வர்ற காமிராவுல வராது" என்றார் கடைக்காரர்.

இந்தக் கூற்றைச் சற்று ஆராய்வோம். சி.சி.டி. என்பது 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கண்டுபிடித்த சாதனம். 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றனர். இன்றைய காமிராக்களில் பெரும்பாலும் இருப்பது சி.எம்.ஓ.எஸ். வகைத் தகடு. இரண்டும் சிலிக்கனே. சிலிக்கன் ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றும். அந்த எலெக்ட்ரான்களுக்கு நிறம் கிடையாது. தகட்டின் மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், அவற்றின் அளவீடுகளைச் சேர்த்துப் படமாக்கும் கணிப்பு முறையுமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. பழைய படங்களின் நிறம் சிலருக்குப் பிடிக்கலாம். அது சுவையைப் பொறுத்தது. ஆனால் சி.சி.டி. என்ற மூன்றெழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை.

மயிலையின் இரவு

இரவு மயிலை மாட வீதி. வாகனத்தில் சுவாமி புறப்பாடு. இங்கேதான் உண்மையான சோதனை. உச்சி வெயிலில் ஒளிச்செறிவு சுமார் ஒரு இலட்சம் லக்ஸ். இரவுத் தெருவிளக்கின் கீழ் பத்து, இருபது லக்ஸ் இருந்தால் அதிகம். ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு!

ஒளி, போட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. அது மழைத்துளி போல ஒழுங்கின்றி விழுவதால் எண்ணிக்கை சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஒரு புள்ளியில் 10,000 போட்டான்கள் விழுந்தால் பிழை 100; அதாவது 1 விழுக்காடு. 100 மட்டுமே விழுந்தால் பிழை 10. அதாவது 10 விழுக்காடு. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

அப்படியானால் 13 மடங்கு பெரிய தகடு 13 மடங்கு ஒளியைச் சேர்க்குமா? சேர்க்காது. ஒளி நுழையும் வாசல் லென்ஸின் துவாரம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அதன் விட்டம் கிடைக்கும். பழையதில் 5.8 மி.மீ.யை 2.6-ஆல் வகுக்க 2.2 மி.மீ.; புதியதில் 18-ஐ 4.5-ஆல் வகுக்க 4 மி.மீ. பரப்பில் சற்றேறக்குறைய 3 மடங்குதான். இரண்டின் பார்வைக் கோணம் சற்று வேறு என்றாலும் கணக்கின் போக்கு மாறாது. பெரிய தகட்டின் பெருமையில் பெரும்பகுதியை அதனுடன் வரும் சிறிய லென்ஸ் விழுங்கிவிடுகிறது! இன்றைய தகடுகளில் மின்னணு இரைச்சல் குறைவு என்பதால் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அதே மிர்ரர்லெஸ்ஸில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் நிலைமை மாறுகிறது. கூட வந்த லென்ஸின் நீண்ட முனையில் எஃப் 6.3. இரண்டையும் வகுத்து வர்க்கம் செய்து பாருங்கள்: 12 மடங்கு ஒளி. தோள்களில் அசைந்தாடி வரும் வாகனத்தை நூறில் ஒரு விநாடியில் உறைய வைக்க இந்த ஒளி வேண்டும். காமிராவில் உள்ள நடுக்கம் தடுக்கும் அமைப்பு நம் கையின் அசைவைத்தான் சரிசெய்யும். சுவாமி தூக்குபவர்களின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

"பழையதில் பிளாஷ் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். பிளாஷ் வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 3 மீட்டரில் சரியாக விழும் ஒளி, 20 மீட்டரில் ஏறத்தாழ 44-இல் ஒரு பங்காகிவிடும். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பிளாஷ் அடிப்பவர் முன்னால் நிற்பவரின் தலையைத்தான் படம் எடுக்கிறார்.

கைப்பேசியை மறந்துவிட்டோமே என்பீர்கள். இன்றைய கைப்பேசிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து இரைச்சலைக் குறைக்கின்றன. அசையாத இரவுக் காட்சியில் அவை பழைய காம்பாக்டை வென்றுவிடும்.

என் மதிப்பீடு

வீட்டில் நல்ல நிலையில் ஒரு பழைய காம்பாக்ட் இருந்தால், பகல் வெளிச்சத்துக்கும் அச்சுப் படங்களுக்கும் அது போதும். ஒளியியல் பழகவும் ஏற்றது. ஆனால் புதிய மோகத்தில் அதை விலை கொடுத்துத் தேடி வாங்குவது வீண். செல் வைக்கும் அறையில் துரு ஏறியிருக்கலாம். சில பழைய காமிராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டைகளை ஏற்பதில்லை. மிர்ரர்லெஸ்ஸின் பலன் இரவிலும், விரைந்து அசையும் காட்சிகளிலும்தான் முழுமையாகத் தெரியும். அதை வாங்குவோர் உடலுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்தாவது அகலத் துவாரமுள்ள லென்ஸ் ஒன்றுக்கு வழி செய்துகொள்ள வேண்டும். அந்த லென்ஸ் இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு மும்மடங்கு ஒளிதான் கிடைக்கும்.

கணக்கை எல்லாம் கேட்ட மாணவி சற்று நேரம் யோசித்தார். "அறுபத்துமூவர் உற்சவம் சாயங்கால வெயில்லதானே சார்? அதுக்கு அப்பா காமிராவே போதும்" என்றார். எம்.எஸ்ஸி. கட்டணத்தைக் கட்டிவிட்டார். இரவுப் புறப்பாட்டுக்கு மட்டும் தோழியின் காமிராவை இரவல் கேட்கப் போகிறாராம். அதற்கென்று அந்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பழையதாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய காமிரா உறங்குகிறதா? அதன் லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்துத் துவாரத்தின் விட்டத்தைக் காணுங்கள். கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் கணக்கு அதுதான்.