அடுப்படியில் ஆண்டவர்

சகோதரர் லாரன்ஸைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்கு நிறுத்தவே தெரியாது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் என்னைக் கண்டாலே, "லாரன்ஸ் அக்கா வந்தாச்சு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! நாங்கள் சி.எஸ்.ஐ., அவர் கத்தோலிக்கத் துறவி. அதனால் என்ன?

பிரான்ஸின் லொரேன் பகுதியில் பிறந்தவர். படைவீரராக இருந்து காயம்பட்டு, காலை இழுத்து இழுத்து நடந்தவர். கொஞ்ச காலம் ஒரு துரை வீட்டில் ஏவல் வேலை. எதைத் தொட்டாலும் உடைக்கிற ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640-ல் பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் கிடையாது, பிரசங்கம் கிடையாது. கொடுத்தது சமையல் வேலை. அதுவோ அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை! அந்த அடுப்படியில் 15 வருஷம் ஓட்டினார். அப்புறம் செருப்புத் தைக்கப் போட்டார்கள்.

அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான்! சட்டியில் முட்டையைப் புரட்டிப் போடுவதைக்கூட ஆண்டவர்மேல் உள்ள அன்புக்காகவே செய்தார். முழங்காலில் நிற்கும் வேளை, சமையல் வேளை என்று அவருக்கு இரண்டு இல்லை. கீபோர்டு இசை மெல்ல ஏறினால்தான் தேவ பிரசன்னம் இறங்கும் என்கிறவர்களை ஒருநாள் அந்தச் சமையலறையில் நிறுத்திவைக்க எனக்கு ஆசை.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஆண்டவரை மறந்து போய்விட்டோமே என்று அவர் அழுது புலம்பிக்கொண்டு உட்காருவதில்லை. நீர் தாங்காவிட்டால் நான் இப்படித்தான் என்று ஒப்புக்கொள்வார், எழுந்து வேலையைப் பார்ப்பார். அப்பாடா! தாயின் முந்தானையை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி ஓடிவந்து பிடித்துக்கொள்வதுபோல. இது அவருக்கும் சும்மா வந்துவிடவில்லை. முதல் 10 வருஷம் உள்ளுக்குள் படாத பாடு பட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் அவரை நான் முழுசாக நம்பினேன்.

இப்போது என் காலை நேரத்தைக் கேளுங்கள். குக்கர் விசில் ஒரு பக்கம், டிபன் டப்பா ஒரு பக்கம். "ஆண்டவரே, சட்னிக்கு உப்புப் போட்டேனா?" என்று சத்தமாகவே கேட்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, பக்கத்தில் தூங்கி வழிகிற பெண்ணுக்காக ஒரு வரி ஜெபம். அலுவலகத்தில் மேலதிகாரி கூப்பிட்டால் நெகேமியா ஞாபகம். அர்தசஷ்டா ராஜா கேள்வி கேட்டதற்கும் இவர் பதில் சொன்னதற்கும் இடையிலேயே பரலோகத்தின் தேவனிடம் ஜெபித்துவிட்டாரே! ராத்திரி குடும்ப ஜெபமும் நடக்கிறது, அதை விடவில்லை. அதில்கூட இப்போது ஒரு ருசி. பகலெல்லாம் பேசின பேச்சு அங்கேயும் தொடர்கிறது.

லாரன்ஸ் தானாக உட்கார்ந்து புத்தகம் எழுதவில்லை. 1691-ல் அவர் இறந்த பிறகு, ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் தாம் அவரோடு பேசியதையும் அவருடைய கடிதங்களையும் திரட்டி வெளியிட்டார். ஒரு மதியத்தில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். கையில் கிடைத்தால் இரண்டாவது உரையாடலுக்கே நேராகப் போய்விடுங்கள். மடத்துக்குத் திராட்சரசம் வாங்க அவரை பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள். வியாபாரமும் தெரியாது, காலும் ஒத்துழைக்காது. இது உம்முடைய காரியம் என்று ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, படகில் பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டே போய்வருகிறார். சரக்கும் நல்லபடியாக வந்து சேர்ந்ததாம்!