சிங்கராசா வழக்கு: ஜெனீவாவின் முடிவுக்கு என்ன வலு?

1993இல் மட்டக்களப்புப் பகுதியில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழர்களில் ஒருவர் சிங்கராசா. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, ஆனையிறவு இராணுவ முகாம்கள் மீதான தாக்குதல்களில் பங்கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அரசதரப்பின் கையில் இருந்தது ஒரு வாக்குமூலம். அது சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. விசாரணை அறையில் ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் ஒரு கான்ஸ்டபிளும் மட்டுமே இருந்தார்கள். கான்ஸ்டபிளே மொழிபெயர்த்தார், அவரே தட்டச்சும் செய்தார். அதில் சிங்கராசாவின் பெருவிரல் பதிக்கப்பட்டது. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது.

அடித்துத்தான் வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். முதுகில் தழும்புகளும் இடது கண்ணில் காயமும் இருந்தன. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, வாக்குமூலம் தன் விருப்பத்தோடு கொடுக்கப்படவில்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

இலங்கை 1980இல் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. தனிநபர் முறையிடுவதற்கு இடம்தரும் விருப்ப நெறிமுறையையும் 1997இல் ஏற்றுக்கொண்டது. அந்த வழியாகத்தான் வழக்கு ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. 2004 ஜூலையில் குழு முடிவு சொன்னது: நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டுள்ளது, நிரூபிக்கும் சுமையை அவர்மேல் ஏற்றியது தவறு, விடுதலையோ மறுவிசாரணையோ, அதோடு இழப்பீடும் வேண்டும். உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்க்க மறுத்ததைக் குழு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தது. அந்த அளவில் இந்த முறையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

முடிவோடு சிங்கராசா நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 2006 செப்டெம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மனுவைத் தள்ளுபடி செய்தது. உடன்படிக்கை நாட்டைக் கட்டுப்படுத்தும். ஆனால் நாடாளுமன்றம் சட்டமாக்காதவரை உள்நாட்டில் யாருக்கும் உரிமை தராது என்றது. நெறிமுறையை ஜனாதிபதி ஏற்றதோ, நீதித்துறை அதிகாரத்தை வெளியாருக்குக் கையளிப்பதால் அரசியலமைப்புக்கே முரண் என்றது.

இந்த வாதத்தின் முதற்பாதியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆட்சித் தலைவர் ஒருவரின் கையெழுத்து மட்டுமே நாட்டுச் சட்டத்தை மாற்றிவிடக் கூடாது என்பது நல்ல கோட்பாடு. இந்தியாவும் பிரித்தானியாவும் பின்பற்றுவதுதான். இரண்டாம் பாதிதான் நிற்கவில்லை. அந்தக் குழு நீதிமன்றம் அல்ல, யாருடைய தீர்ப்பையும் இரத்துச் செய்யும் அதிகாரமும் அதற்கு இல்லை. மேன்முறையீட்டை ஏற்க மறுத்த தன் பழைய முடிவைத் தானே மீளாய்வு செய்யும்படிதான் உயர் நீதிமன்றத்தைக் கேட்டார்கள். குழுவை மேலாகக் கருதாமலே அந்த வாக்குமூலத்தை மறுபடி படித்திருக்கலாம். இறைமை என்ற சொல் அங்கே ஒரு கைதியின் கோப்பைத் திறக்காமல் இருப்பதற்குப் பயன்பட்டது.

இதே காலத்தில் வேறொரு தமிழருக்கு நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999இல் பிரித்தானியாவுக்குப் போய்த் தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். 2007இல் திருப்பியனுப்ப ஏற்பாடானது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, பயணம் நின்றது. மறு ஆண்டு ஜூலையில், அவரை அனுப்பினால் சித்திரவதைத் தடை மீறப்படும் என்று தீர்ப்பளித்தது. முன்பு பல தடவை கைதானது, படமும் கைரேகையும் எடுக்கப்பட்டது எல்லாவற்றையும் நீதிபதிகள் சேர்த்து எடைபோட்டார்கள். அவர் காலிலிருந்த தழும்புகளும் கணக்கில் வந்தன. கொழும்பில் தழும்புக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை.

ஐரோப்பியத் தீர்ப்பு அரசுகளைக் கட்டுப்படுத்துவது. நிறைவேறுகிறதா என்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு தொடர்ந்து கண்காணிக்கிறது. அதோடு, புறப்பட இருக்கும் விமானத்தை நிறுத்தச் சொல்வது எளிது, சிறைக்கதவைத் திறக்கச் சொல்வது கடினம். தப்பிப் போனவருக்கு வேலை செய்த சட்டம், சொந்த நாட்டுச் சிறையில் இருந்தவருக்கு வேலை செய்யவில்லை. என் பார்வையில் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

வர்த்தகத்தால் அழுத்தலாமே என்பார்கள். அதுவும் நடந்தது. மூன்று மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் குறை கண்ட ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017இல்தான் திருப்பிக் கொடுத்தது. அரசுக்கு அது உறைத்தது. ஆனால் அந்தச் சலுகையை நம்பி இருந்தவை ஆடைத் தொழிற்சாலைகள், அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். 16ஆம் பிரிவை எழுதியவர்கள் அவர்கள் அல்லர்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, உடன்படிக்கையைச் சட்டமாக்குகிறோம் என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதில் உடன்படிக்கையின் உரிமைகளில் சிலதான் இடம்பெற்றன. மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் அதன் 3ஆம் பிரிவின் கீழ் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். கருத்துச் சுதந்திரம் காக்க எழுந்த உடன்படிக்கையின் பெயரால் நடந்த கைது அது.

இதற்காக ஜெனீவாவை விட்டுவிடச் சொல்லவில்லை. இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து இன்றுவரை விலகவில்லை. முறையிடும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் நம் உழைப்பின் பெரும்பகுதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் மார்ச், செப்டெம்பர் கூட்டத்தொடர்களிலேயே கரைந்துபோகிறது. குழுவின் முடிவு வந்தால் வழக்கை மீளத் திறக்க வேண்டும் என்ற ஒரு சட்டப்பிரிவுக்காகக் கொழும்பில் யாரும் அதே அளவு போராடுவதை நான் காணவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது 16ஆம் பிரிவில் யாரும் கைவைக்கவில்லை.