எது பெரியது? தொடக்கநிலை எண் ஒப்பீட்டில் வினாவும் மொழியும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்
குழந்தைகள் எண்களை ஒப்பிடுகையில் செய்யும் பிழைகள் யாவும் எண்ணறிவின் குறைபாடுகளே எனக் கொள்வது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பியாஜேயின் சோதனையும் அதன்மீது எழுந்த மறுப்பும் மதிப்பிடப்படுகின்றன. தமிழ்வழிக் கற்பித்தலில் வினாத்தொடரும் குறியீடும் விளைவிக்கும் இடர்ப்பாடுகள் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எண் ஒப்பீடு, எண் மாறாமை, பியாஜே, ஒப்பீட்டுத் தொடர், தொடக்கக் கல்வி

முன்னுரை
'எது பெரியது?' என்னும் வினாவுக்குத் தவறாக விடையளிக்கும் குழந்தை, 'மெல்லக் கற்பவர்' எனக் கருதப்பட இடமுண்டு. அவ்விடை எண்ணை அறியாமையால் விளைந்ததா, வினாவை வேறுவகையில் உணர்ந்தமையால் விளைந்ததா என்பதை முதலில் பகுத்தறிதல் வேண்டும்.

பியாஜேயும் மறுப்பும்
சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் ழான் பியாஜே, அலினா செமின்ஸ்காவுடன் இணைந்து 1941இல் வெளியிட்ட நூலில் எண் மாறாமை குறித்து விளக்கினார். சம எண்ணிக்கையிலான பொருள்கள் இரு வரிசைகளாக வைக்கப்படும். பின்னர் ஒரு வரிசை மட்டும் அகலப் பரப்பப்படும். நீண்ட வரிசையிலேயே பொருள் மிகுதி என இளங்குழந்தைகள் கூறினர். எண் பற்றிய கருத்து அவர்களிடம் இன்னும் உருவாகவில்லை என்பது அவர் முடிவு.

மெக்காரிகிள், டொனால்ட்சன் ஆகியோர் 1974இல் இதனை மறுத்தனர். வரிசையை ஆய்வாளர் மாற்றாமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று கலைப்பதாக அமைத்தபோது சரியான விடைகள் பெருகின. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு, கேட்ட வினாவையே மீண்டும் கேட்டால், விடையும் மாற வேண்டும் எனக் குழந்தை ஊகிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இம்மறுப்பும் குறையற்றதன்று. பொம்மையின் குறும்பில் ஈர்க்கப்பட்ட குழந்தை, வரிசையில் நிகழ்ந்த மாற்றத்தையே கவனியாது முந்தைய விடையைச் சொல்லியிருக்கலாம். எனினும், வினவும் சூழல் விடையைப் பாதிக்கிறது என்னும் அளவில் அதன் பயன் மறுக்கத்தக்கதன்று.

தமிழ் வினாத்தொடரின் இயல்பு
தமிழில் 'பெரியது' என்பது உருவ அளவையும் எண்ணின் மதிப்பையும் ஒருசேரக் குறிக்கும். அட்டையொன்றில் 3 பெரிதாகவும் 8 சிறிதாகவும் எழுதப்பட்டிருப்பின், 3ஐச் சுட்டும் குழந்தையின் விடை மொழியளவில் பிழையன்று. 'எதில் அதிகம்?' என்னும் வினாவில் இம்மயக்கம் இல்லை.

குறியீட்டு நிலையில் சிக்கல் மேலும் கூடுகிறது. தாமஸ் ஹாரியட்டின் மறைவுக்குப்பின் 1631இல் வெளியான நூலில் <, > ஆகிய குறிகள் அச்சேறின. அக்குறி இரு எண்களுக்கும் நடுவே நிற்கிறது. ஆங்கிலத் தொடரில் ஒப்பீட்டுச் சொல்லும் நடுவிலேயே வருவதால், எழுத்தும் பேச்சும் இயைகின்றன. தமிழிலோ ஒப்பீட்டுச் சொல் தொடரின் இறுதியில் அமைகிறது. 3 < 8 என்பதனை 'மூன்று எட்டைவிடச் சிறியது' என்றும் 'எட்டைவிட மூன்று சிறியது' என்றும் கூறலாம். பின்னைய தொடரைக் கேட்ட வரிசையிலேயே எழுதும் குழந்தை 8 < 3 என எழுதக்கூடும். இங்குப் பிழைபட்டது எண்ணறிவன்று. தொடரைக் குறியாக்கும் முறையே.

'முதலை பெரிய எண்ணையே விழுங்கும்' என்னும் வழக்கமான உத்தி, குறியின் வாய் எப்பக்கம் திறக்கும் என்பதை நினைவில் நிறுத்துகிறது. ஆயினும் எழுதியதைத் தொடராகப் படிக்கும் திறனை அது தருவதில்லை. விழுங்கும் முதலையைக் கண்ட குழந்தை 'சிறியது' என்னும் உறவைச் சொல்லாமலே சரியான குறியை இட்டுவிடுகிறது. சரியான விடையும் இவ்வாறு அறியாமையை மறைக்கக்கூடும்.

முடிவுரை
புளியங்கொட்டைகளையோ சோழிகளையோ ஒன்றுக்கொன்று இணைசேர்த்து, 'எதில் அதிகம்? எத்தனை அதிகம்?' என வினவுதல் முதற்படியாதல் தகும். அடுத்து, 'ஐவிட' வரும் இருவகைத் தொடர்களையும் வாய்மொழியாகப் பயிற்றுதல் வேண்டும். குறி அதன்பின் வருவதே முறை. இப்பிழைகளின் பரவலைத் தமிழ்வழிப் பள்ளிகளில் கள ஆய்வால் அளந்தறிதல் அடுத்த தேவையாகும். அதுவரை, தவறான விடை ஒன்றைக்கொண்டு குழந்தையை வகைப்படுத்துவதற்குமுன் வினாவைத் திருத்திக் கேட்பதே நேரியது.